புள்ளிவிபரம்: புள்ளி எது, விபரம் எது?

இலங்கையில் 'எத்தனை புள்ளி?' என்று கேட்டால் சோதனை முடிவைக் கேட்கிறார்கள் என்று பொருள். ஆளைக் குறித்து 'பெரிய புள்ளி' என்பதும் உண்டு. எண்ணும்போது வைக்கும் குறிதான் புள்ளி. (வாக்குச்சீட்டில் போடும் புள்ளடிக்கு இதனோடு உறவில்லை, அது புள்+அடி, பறவையின் காலடி.) விபரம், 'விவரணம்' என்ற வடசொல் வழி வந்தது: விரித்துச் சொல்லல். தமிழ்நாட்டில் விவரம், இங்கே விபரம். பத்தரமுல்லையிலுள்ள அரச திணைக்களத்தின் பெயரே தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம்தான்.

இதற்கான ஆங்கிலச் சொல்லான 'statistics' என்பதன் வேர் வேறு. அது 'அரசு' என்ற சொல்லிலிருந்து பிறந்தது. 1749இல் ஜேர்மனிய அறிஞரான அகென்வால் 'ஸ்ராற்றிஸ்ரிக்' என்று எழுதியது, ஓர் அரசைப் பற்றிய விவரணையைத்தான். ஆங்கிலத்தில் அதைப் பரப்பியவர் ஸ்கொட்லாந்தின் சேர் ஜோன் சின்கிளேயர். ஆக அங்கே சொல்லுக்குள் அரசு இருக்கிறது. தமிழில் எண்ணும் விரல் இருக்கிறது. வடசொல் வேண்டாமென்றால், துறைக்குப் 'புள்ளியியல்', சேகரித்த எண்களுக்குத் 'தரவு' என்பவை நல்ல சொற்கள். தரவு கலிப்பாவின் உறுப்பு ஒன்றுக்கும் பெயர்.

ஆனால் எண்ணிய புள்ளியை விரித்துச் சொல்லாவிட்டால் கொள்கை பிழைக்கும். கற்பனைக்கு ஒரு குளத்தடிக் கிராமம். பத்துக் குடும்பங்களின் வயல், ஏக்கரில்: 1, 1, 1, 2, 2, 2, 2, 3, 3, 33. கூட்டினால் 50, பத்தால் வகுத்தால் 5. நம் பாடநூல் இதை 'இடை' என்னும். வரிசையில் நடுவே நிற்கும் 'இடையம்' 2தான். அதிகம் வரும் பெறுமானமான 'ஆகாரமும்' 2. (சாப்பாட்டு ஆகாரம் அல்ல, தமிழ்நாட்டில் இதை முகடு என்பர்.) 'சராசரி 5 ஏக்கர்' என்று அறிக்கை போய், 5 ஏக்கர்க்காரனை மனதில் வைத்துக் காலபோகத்துக்கு (மாரிக்கால நெற்செய்கைக்கு) மானியம் வகுத்தால், அப்படி ஒருவர்கூட அந்த ஊரில் இல்லை. ஒன்பது வீடு 3 ஏக்கரோ அதற்குக் குறைவோ. அந்த 33ஐத் தனியே காட்டுவதுதான் விபரம்.

இலங்கையின் வடக்கே, கிளிநொச்சியையும் சேர்த்த வன்னி நிலப்பரப்பில் இன்னொரு வில்லங்கம், எல்லை. தேர்தல் அட்டவணையில் 'வன்னி' என்றால் மன்னார், வவுனியா, முல்லைத்தீவு மட்டுமே. கிளிநொச்சி யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்குள். அதைக் கவனியாமல் அந்த மூன்றின் தொகையை முழு வன்னிக்கும் எடுத்தால், 2012 குடிசனத் தொகைமதிப்புப்படி கிளிநொச்சியின் 113,510 பேர் காணாமற் போவர்.

ஆண்டுகளை ஒப்பிடுவது அதைவிடச் சிக்கல். 2001 தொகைமதிப்பு கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் நடக்கவில்லை. 1981க்கு அடுத்த முழு எண் 2012இல்தான். கிளிநொச்சி தனி மாவட்டமானதோ 1984இல். எனவே 1981 நிரலில் அதைத் தேடிப் பயனில்லை. அன்றைய யாழ்ப்பாண மாவட்டத் தொகைக்குள் இருந்து, பிரிவு பிரிவாகக் கழித்தெடுக்க வேண்டும்.