முண்டு வளரவில்லை, விரல் சாய்ந்திருக்கிறது

நல்லூர்த் திருவிழா நாட்களில் வீதி மணலில் வெறுங்காலோடு நடப்பவர்களின் பாதங்களைக் கவனித்தால், சிலருக்குப் பெருவிரல் அடுத்த விரலின் மேல் சாய்ந்து, அதன் அடிமூட்டில் உட்பக்கமாக ஒரு முண்டு புடைத்திருப்பது தெரியும். "எலும்பு வளர்ந்துவிட்டது" என்பார்கள். பெரும்பாலும் அங்கே எதுவும் வளர்வதில்லை. இருந்த எலும்புதான் இடம் மாறியிருக்கிறது.

பெருவிரலுக்குப் பின்னால் பாதத்துக்குள் இருக்கும் நீண்ட எலும்பு, மற்றக் காலின் பக்கமாக மெல்ல விலகுகிறது. பெருவிரலோ எதிர்ப்பக்கம் திரும்புகிறது. விலகிய எலும்பின் தலைதான் முண்டாகத் தெரிகிறது. எக்ஸ்றேயில் அந்த எலும்புக்கும் பெருவிரலுக்கும் இடையிலான சாய்வு 15 பாகையைத் தாண்டினால் குறைபாடு. 40ஐத் தாண்டினால் கடுமையானது.

சிக்கல் இனித்தான். விரலை மடக்கி நிமிர்த்தும் தசைநாண்கள் மூட்டின் நடுவால் நேராக ஓட வேண்டியவை. எலும்பு விலகியதும் அவை ஒரு பக்கமாகிவிடுகின்றன. அதன்பின் விரலை அசைக்கும்போதெல்லாம் அவை அதை இன்னும் கோணலாக இழுக்கின்றன. சாய்ந்த வேலிக் கதியாலை, அதில் இழுத்துக் கட்டிய கம்பியே மேலும் சாய்ப்பதில்லையா, அதுபோல. எண்ணெய் பூசி உருவினால் நோவு சற்றுத் தணியலாம், கதியால் நிமிராது.

பாத அமைப்பு குடும்ப வழியாக வருவது ஒரு காரணம். மற்றது சப்பாத்து. போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொல் அது. அவர்கள்மேல் பழிபோட முடியாது, கூர்முனைச் சப்பாத்தைக் காசு கொடுத்து வாங்குவது நாம்தான். ஹொங்கொங்கில் 1958இல் வெளியான ஆய்வொன்றில், சப்பாத்து அணிந்தவர்களில் 33 சதவீதத்தினருக்கு இந்தச் சாய்வு இருந்தது. வெறுங்காலோடு வாழ்ந்தவர்களில் 1.9 சதவீதத்தினருக்கே இருந்தது.

கடதாசியில் எழுந்து நின்று பாதத்தைச் சுற்றிக் கோடு வரையுங்கள். அதன்மேல் உங்கள் சப்பாத்தை வையுங்கள். கோடு வெளியே தெரிந்தால் அந்தச் சப்பாத்தை மாற்றுவதே முதல் வைத்தியம். முண்டில் உராயாமல் மெத்தை ஒட்டலாம். இரவில் விரலை நிமிர்த்திக் கட்டும் பட்டிகள் கழற்றும்வரைதான் நிமிர்த்தும். வளர்ந்தவர்களுக்கு அவை எலும்பைத் திருப்பி வைப்பதில்லை. நீரிழிவால் கால் மரத்துப்போனவர்கள் மட்டும் கைவைத்தியத்தில் இறங்கக் கூடாது. முண்டின் மேல் வரும் சிறு புண்ணை அவர்கள் உணரமாட்டார்கள். திடீரென ஒரே இரவில் அந்த மூட்டு சிவந்து வீங்கினால் அது இந்தச் சாய்வாக இராது. யூரிக் அமிலத்தால் வரும் வாதமாக இருக்கலாம். வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

எலும்பை நிமிர்த்தும் ஒரே வழி சத்திரசிகிச்சை. முண்டைச் சீவி எறிவது போதாது. எலும்பை வெட்டி, நேராக நகர்த்தி, திருகாணி போட்டு நிறுத்துவார்கள். அழகுக்காக இதைச் செய்ய நல்ல சத்திரசிகிச்சை நிபுணர் சம்மதிக்கமாட்டார். அன்றாட நடமாட்டத்தைக் குழப்பும் நோவு இருக்க வேண்டும். எலும்பு பொருந்த ஆறு வாரமளவில் ஆகும், வீக்கம் வற்றப் பல மாதங்கள். திருவிழாவுக்கு முந்திய மாதம் போய்ப் படுத்துவிட்டு, தேருக்கு மணலில் நடக்கலாம் என்று கணக்குப் போடாதீர்கள்.