‘ஃபார்ம் வரலையே’ என்று இனி என்னிடம் சொல்லாதீர்கள்

இந்த வருஷ ஏப்ரலிலும் அதே கதைதான். அமெரிக்கக் கல்லூரி அணியில் விளையாடும் பிள்ளை, இன்ஸ்டாகிராமில் நாலு விளம்பரம், கையில் கொஞ்சம் காசு, பக்கத்தில் அப்பா. அப்பாவின் முதல் வசனமும் மாறுவதில்லை: “ஃபார்ம் எதுவும் வரலையே சார், அப்ப வரி கிடையாதுல்ல?” அவர் சொல்லும் ஃபார்ம் 1099 என்ற வருமானச் சீட்டு. டெக்ஸாஸில் உட்கார்ந்து வரி ரிட்டர்ன் போட்டுக் கொடுப்பது என் பிழைப்பு. நம் குடும்பங்களில் பிள்ளைகள் டென்னிஸ், நீச்சல், வாலிபால், கோல்ஃப் என்று கல்லூரி அணிகளுக்குள் போக ஆரம்பித்த பிறகு இந்த வசனத்தைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. எழுதி வைத்துவிட்டால் இணைப்பை அனுப்பிவிடலாமே என்றுதான் இது.

பின்னணியை ரொம்ப இழுக்கப்போவதில்லை. கல்லூரி வீரர் தன் பெயரையும் முகத்தையும் வைத்து விளம்பரக் காசு வாங்கினால் தகுதியே போய்விடும் என்று கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏ அமைப்பு பல பத்தாண்டுகளாகப் பிடித்து வைத்திருந்தது. 2021 ஜூன் 21 அன்று ஆல்ஸ்டன் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்து என்சிஏஏவுக்கு எதிராகத் தீர்ப்பு சொன்னது. வழக்கு விளம்பரக் காசைப் பற்றியதே இல்லை, ஆனாலும் அடுத்த பத்தாவது நாள், ஜூலை 1 முதல், விளம்பரத் தடையை என்சிஏஏ தளர்த்திவிட்டது. பெயர், உருவம், சாயல் இவற்றை வைத்துச் சம்பாதிக்கும் அந்த உரிமையைத்தான் எல்லோரும் என்ஐஎல் என்கிறார்கள். ஃபிரெஸ்னோ ஸ்டேட்டில் கூடைப்பந்து ஆடிய கேவிண்டர் இரட்டையர்கள் அன்றைக்கே ஒரு செல்போன் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டார்கள். நெப்ராஸ்காவில் டிகோல்டெஸ்ட் க்ராஃபோர்ட் என்று ஒரு பையன், பெயரிலேயே ‘ரொம்பக் குளிர்’ இருக்கிறதே என்று உள்ளூர் ஏசி கம்பெனி பிடித்துப் போட்டது. எனக்கு இன்றுவரை பிடித்த டீல் அதுதான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கடைசியாக வந்தது ஒரு வாலிபால் பெண். ஒரு உணவகம், ஒரு ஜிம், புரோட்டீன் பவுடர் விற்கும் ஒரு கம்பெனி, கூடவே ஷூ, பை என்று பொருளாக வந்தவை. அவள் போனை வாங்கி வென்மோ என்ற பணம் அனுப்பும் ஆப்பை மேலிருந்து கீழே தள்ளிக்கொண்டே போய்க் கூட்டினால், பொருட்களின் விலையையும் சேர்த்து, 11,000 டாலர் பக்கம் வந்தது. “அந்த ஷூவெல்லாம் கிஃப்ட் அங்கிள்” என்றாள். கிஃப்ட் என்றால் எதற்கு மாதம் இரண்டு ரீல் போடச் சொல்லி ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறான்? வேலைக்குப் பதிலாக வந்த பொருள், சந்தை விலைக்கு வருமானம்தான்.

இப்போது அந்த ஃபார்ம் சமாசாரம். கொஞ்சம் நீட்டித்தான் சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 1099 என்பது உங்களுக்குக் காசு கொடுத்தவர் ஐஆர்எஸ் என்ற அமெரிக்க வரித்துறைக்கு எழுதும் தகவல் சீட்டு. அதன் ஒரு நகல் உங்களுக்கும் வருகிறது, அவ்வளவுதான். அது வரி கேட்கும் பில் கிடையாது, வராவிட்டால் விலக்கும் கிடையாது. 2025 வரை ஒரே ஆளிடமிருந்து 600 டாலரைத் தொட்டால் சீட்டு எழுத வேண்டும் என்பது கொடுப்பவருக்கான விதி. நமக்கான விதி வேறு: செலவு போக நிகர சுயதொழில் வருமானம் 400 டாலரைத் தொட்டாலே ரிட்டர்ன் போட வேண்டும். 400! அது எத்தனை பேரிடமிருந்து வந்தது, ரொக்கமா செக்கா என்றெல்லாம் சட்டம் கேட்பதில்லை. வென்மோ மாதிரி ஆப்பில் வியாபாரக் கணக்குக்கு வந்தால் கொடுத்தவர் 1099 எழுத வேண்டியதே இல்லை, அந்த ஆப்தான் எழுத வேண்டும், அதற்கோ 20,000 டாலரும் 200 பரிவர்த்தனையும் தாண்ட வேண்டும். ஆக 11,000 டாலர் சம்பாதித்த பெண்ணுக்கு ஒரு சீட்டுகூட வராமல் போவது சாதாரணம். அவள் யாரையும் ஏமாற்றவில்லை, கொடுத்தவர்களும் ஏமாற்றவில்லை, வரி மட்டும் அப்படியே நிற்கிறது.

இன்னொரு கூத்து, 2026இல் கொடுக்கும் பணத்திலிருந்து அந்த 600 வரம்பை 2,000 ஆக்கிவிட்டார்கள். “2,000 வரைக்கும் டாக்ஸ் ஃப்ரீயாமே” என்று வாட்ஸ்அப் குழுக்களில் ஓட ஆரம்பித்துவிட்டது. இல்லை. சீட்டு எழுதும் வரம்புதான் உயர்ந்தது, நம் 400 அங்கேயேதான் இருக்கிறது. இதற்கு நடுவில் இன்னொரு 600 வேறு: வெளியாரோடு 600 டாலர் அல்லது அதற்கு மேல் டீல் போட்டால், டிவிஷன் ஒன் (கல்லூரி விளையாட்டின் மேல்நிலை) வீரர் அதை என்ஐஎல் கோ என்ற தளத்தில் பதிவு செய்ய வேண்டும். அது விளையாட்டுத் தகுதிக்கான கணக்கு, ஐஆர்எஸ்ஸுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டு “600க்குக் கீழே எல்லாமே ஃப்ரீ” என்று நம்புகிறவர்களைப் பார்த்தால் எனக்குத் தலை சுற்றுகிறது.

அந்தப் பெண்ணுக்கு வருமான வரி எவ்வளவு தெரியுமா? பூஜ்யம். அடிப்படைக் கழிவே அதை விழுங்கிவிட்டது. அப்பா முகம் மலர்ந்தது. அடுத்து நின்றதுதான் சுயதொழில் வரி, அதாவது சோஷியல் செக்யூரிட்டியும் மெடிகேரும் சேர்ந்து 15.3 சதவீதம். சம்பளக்காரனுக்குப் பாதியை முதலாளி கட்டுகிறான், இங்கே முதலாளியும் இவள்தான். 11,000 டாலர் நிகர வருமானம் என்றால் சுமார் 1,550 டாலர். கையில் இருந்தது 300. மீதிக்கு அப்பா கிரெடிட் கார்டை எடுத்தார்.

அதனால் தயவுசெய்து, காசு வந்த அன்றே கால்வாசியை வேறு கணக்கில் போட்டுவிடுங்கள். பெரிய தொகை என்றால் மூன்றில் ஒரு பங்கு. தனி பேங்க் அக்கவுண்ட், ஒரு எக்ஸெல் ஷீட், ஒப்பந்தங்களின் பிடிஎஃப், போதும். ஏஜென்ட் கமிஷன், வீடியோ எடுத்துக் கொடுத்தவனுக்குக் கொடுத்த காசு, இவையெல்லாம் கழியும். சாப்பிட்ட சிக்கன் கழியாது, கேட்காதீர்கள். கலிஃபோர்னியாவில் படிக்கும் பிள்ளை அங்கே உட்கார்ந்து சம்பாதித்தால் பெற்றோர் டெக்ஸாஸில் இருப்பது காப்பாற்றாது, அந்த மாநிலத்துக்கும் ரிட்டர்ன் உண்டு. அப்புறம், பிள்ளை சம்பாதித்துவிட்டதாலேயே உங்கள் ரிட்டர்னில் டிபென்டன்ட் (உங்களைச் சார்ந்தவர்) என்று காட்டக்கூடாது என்பதில்லை. 24 வயதுக்குள் முழுநேர மாணவர் என்றால், தன் செலவில் பாதிக்கு மேல் தானே செய்துகொள்கிறாரா என்பதுதான் முக்கியக் கேள்வி. சேமித்து வைத்த காசு அதில் சேராது. பிள்ளைகள் தாங்களே போனில் ரிட்டர்ன் போட்டு, ‘வேறு யாரும் என்னை டிபென்டன்டாகக் காட்ட முடியாது’ என்று தட்டிவிடுகிறார்கள், அப்பாவின் ரிட்டர்ன் திரும்பி வருகிறது. இதற்காக எத்தனை குடும்பச் சண்டைகளை என் மேஜையில் பார்த்திருக்கிறேன்.

கல்லூரி நிதி உதவி வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். எஃப்ஏஎஃப்எஸ்ஏ என்ற நிதி உதவி விண்ணப்பம் இரண்டு வருஷம் பழைய வருமானத்தைப் பார்க்கும். 2025இல் சம்பாதித்தது 2027-28 படிவத்தில் வந்து நிற்கும், அதற்குள் அந்தக் காசு செலவாகியிருக்கும். மாணவரின் வருமானத்தில் ஒரு வரம்புக்கு மேல் பாதியைக் கல்விக்கு எடுத்துக்கொள்ளலாம் என்றுதான் அந்தக் கணக்கு போகிறது.

இனி கல்லூரிகளின் பக்கம். இதையும் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் “இப்ப காலேஜே சம்பளம் கொடுக்குதாமே” என்ற கனவோடு எட்டாவது படிக்கும் பிள்ளைக்குக் கோச்சிங்கில் கொட்டுகிறார்கள். 2025 ஜூன் 6 அன்று, வீரர்கள் என்சிஏஏ மேல் போட்ட ஹவுஸ் வழக்கின் சமரசத்துக்கு நீதிபதி கிளாடியா வில்கன் ஒப்புதல் கொடுத்தார். பழைய வீரர்களுக்குப் பத்து வருஷத்தில் சுமார் 2.8 பில்லியன் டாலர். அது போக, சம்மதிக்கும் கல்லூரிகள் 2025-26இல் சுமார் 20.5 மில்லியன் டாலர் வரை வீரர்களுக்கு நேரடியாகப் பங்கிடலாம். கேட்க நன்றாக இருக்கிறது. பரவலாகப் பேசப்படும் பங்கீட்டைப் பாருங்கள்: 75 சதவீதம் அமெரிக்கக் கால்பந்துக்கு, 15 ஆண்கள் கூடைப்பந்துக்கு, 5 பெண்கள் கூடைப்பந்துக்கு. மற்ற எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து மிச்சம் 5. நம் பிள்ளைகள் இருப்பது அந்த மிச்சத்தில்.

அந்த 20 மில்லியன் எங்கிருந்து வரும்? டென்னசி பல்கலைக்கழகம் கால்பந்து சீசன் டிக்கெட்டில் 10 சதவீதத்தை ‘திறமைக் கட்டணம்’ என்றே பெயர் வைத்து ஏற்றியது. அவ்வளவு ரசிகர் கூட்டம் இல்லாத இடங்களில் கத்தி விழுவது சின்ன அணிகள் மேல். கலிஃபோர்னியாவில் கால் பாலி பல்கலைக்கழகம் 2025 மார்ச்சில் நீச்சல் அணியையே கலைத்தது. பென்சில்வேனியாவின் செயின்ட் ஃபிரான்சிஸ் அதே மாதம் தேசியக் கூடைப்பந்துப் போட்டியில் ஆடிவிட்டு வந்த கையோடு, டிவிஷன் ஒன்னை விட்டே இறங்கி மூன்றுக்குப் போகிறோம் என்று அறிவித்தது. டிவிஷன் மூன்றில் விளையாட்டுக்கு என்று ஸ்காலர்ஷிப்பே கிடையாது.

டென்னிஸ் பெற்றோரைச் சுற்றும் இன்னொரு செய்தி: “ஆண்கள் அணிக்கு 4.5 ஸ்காலர்ஷிப்தான் இருந்தது, இப்ப பத்தாக்கிட்டாங்க.” பாதி உண்மை. ஸ்காலர்ஷிப் உச்சவரம்பை எடுத்துவிட்டு, அதற்குப் பதிலாக அணியில் பத்து பேர்தான் என்று ஆள் வரம்பு வைத்தார்கள். பத்து பேருக்கும் கொடுக்கலாம் என்பது அனுமதி, கொடுத்தாக வேண்டும் என்பதில்லை. காசைக் கால்பந்துக்கு வாரிக் கொடுத்த நிர்வாகம் டென்னிஸில் பத்து முழு ஸ்காலர்ஷிப் கொடுக்குமா என்று நீங்களே யோசியுங்கள். ஆள் வரம்பு வந்ததால், ஸ்காலர்ஷிப் இல்லாமல் சொந்தச் செலவில் அணியில் ஒட்டிக்கொண்டிருந்த பிள்ளைகளுக்குத்தான் இடம் போனது. கோச் வாய்விட்டுச் சொன்னதை நம்பாதீர்கள், எழுத்தில் வாங்குங்கள். 2024 செப்டம்பரில் லாஸ் வேகஸ் யுஎன்எல்வி பல்கலைக்கழகக் கால்பந்து அணியின் குவார்ட்டர்பேக் மேத்யூ ஸ்லூக்கா மூன்று ஆட்டமும் ஜெயித்த நிலையில் பாதியில் கிளம்பிவிட்டார். வாய்மொழியாகச் சொன்ன 1,00,000 டாலர் வரவில்லை என்பது அவர் தரப்பு. முறையான ஒப்பந்தம் எதுவும் இல்லை என்பது எதிர்த்தரப்பு.

எழுத்தில் இருந்தாலும் படியுங்கள். ஃபுளோரிடா பல்கலைக்கழகக் கால்பந்து வீரர் கெர்வான் டெக்ஸ்டர் 2022இல் 4,36,485 டாலர் வாங்கிக்கொண்டு போட்ட கையெழுத்துக்கு விலை, என்எஃப்எல் என்ற தொழில்முறைக் கால்பந்து லீக்குக்குப் போனால் வரிக்கு முந்தைய வருமானத்தில் 15 சதவீதம், 25 வருஷத்துக்கு. அடுத்த வருஷமே என்எஃப்எல்லில் எடுக்கப்பட்டார், ஒப்பந்தம் செல்லாது என்று வழக்குப் போட்டார். கந்துவட்டிக்காரன்கூட 25 வருஷம் கேட்கமாட்டான். ‘நிரந்தரமாக’, ‘எதிர்கால வருமானத்தில்’ என்ற சொற்கள் கண்ணில் பட்டால் பேனாவைக் கீழே வையுங்கள்.

சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் எஃப்-1 மாணவர் விசாவில் வந்திருக்கும் பிள்ளைகளுக்கு, கோபமாக இல்லை, கெஞ்சியே கேட்கிறேன். கூட ஆடும் அமெரிக்கப் பையன் செய்கிறான் என்று நீங்கள் செய்யாதீர்கள். வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேர வேலை வேறு, இங்கே இருந்துகொண்டு விளம்பரத்தில் நடித்துக் காசு வாங்குவது வேறு. இலவச ராக்கெட்டுக்கு ஒரு போஸ்ட் போடுவதுகூட வேலை என்று பார்க்கப்படலாம். கென்டக்கியில் ஆடிய காங்கோ வீரர் ஆஸ்கர் ஷீப்வே அணியோடு பஹாமாஸ் போனபோதுதான் விளம்பர வேலைகளை முடித்தார், அமெரிக்க மண்ணில் இல்லை. லீவில் ஊருக்குப் போய்ச் செய்யலாமா என்றால், முதலில் வெளிநாட்டு மாணவர் அலுவலகம், பிறகு குடிவரவு வக்கீல். நான் வரிக்காரன், விசாவுக்கு என்னிடம் பதில் வாங்கிக்கொண்டு போய் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

வரியை முன்கூட்டியே கட்டும் தவணைத் தேதிகள் ஏப்ரல் 15, ஜூன் 15, செப்டம்பர் 15, ஜனவரி 15. போன வருஷம் வரியே இல்லாமல் இருந்திருந்தால் முதல் வருஷம் தவணை கட்டாததற்கு அபராதம் பெரும்பாலும் வராது. அதை நம்பித்தான் இரண்டாம் வருஷம் எல்லோரும் மாட்டுகிறார்கள். 1099 பழைய ஹாஸ்டல் முகவரிக்குப் போயிருக்கலாம், அங்கே யாரும் பிரிக்காமல் கிடக்கலாம், ஆனால் ஐஆர்எஸ்ஸிடம் அதன் நகல் இருக்கிறது. கணக்கு பொருந்தவில்லை என்று ஐஆர்எஸ் அனுப்பும் சிபி2000 கடிதம் வந்தால் அதில் பதில் தேதி அச்சிட்டிருக்கும். அதில் போட்டிருக்கும் தொகை தப்பாகவும் இருக்கலாம், ஏனென்றால் உங்கள் செலவு எதுவும் அவர்களுக்குத் தெரியாது. பயந்து உடனே கட்டவும் வேண்டாம், டிராயரில் போட்டு மூடவும் வேண்டாம். தேதிக்கு முன்னால் கடிதத்தைப் படம் எடுத்து உங்கள் கணக்காளருக்கு அனுப்புங்கள். நாலு பக்கமும் தெரிகிற மாதிரி.