மூன்றாம் மாதத்தில் வந்த வயிற்றுப்போக்கு

"எதிர்ப்பு சக்தியைக் கூட்டுற ஊசிதானே டாக்டர்? அதுக்கா இவ்வளவு காசு? கபசுரக் குடிநீர் குடிச்சாப் போதாதா?"

நுரையீரல் புற்றுநோயோடு வந்திருந்த ஒரு பெரியவரின் மகன் கேட்டது இது. கிண்டலில்லை, நிஜமான சந்தேகம். இம்யூனோதெரபிக்கு "நோய் எதிர்ப்பு சிகிச்சை" என்று பெயர் வைத்தது நாங்கள்தானே!

அவரிடம் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். பல நோயாளிகளுக்குக் கட்டிக்கு உள்ளேயே டி செல்கள் (எதிரியைத் தாக்கும் ஒரு வகை வெள்ளை அணுக்கள்) போய் உட்கார்ந்திருக்கும். வேலைதான் செய்யாது. டி செல்லுக்கு பிடி-1 என்று ஒரு பிரேக் உண்டு. கிருமியை அடித்து முடித்த பிறகு நம் சொந்த உடம்பையே அடிக்கத் தொடங்கிவிடாமல் இருக்க இயற்கை வைத்த பிரேக் அது. புற்றுச் செல் தன் மேல்பரப்பில் பிடி-எல்1 என்ற புரதத்தை வைத்துக்கொண்டு அந்த பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப் போன்ற மருந்துகள் இடையில் புகுந்து அந்தப் பிடியை விடுவிக்கின்றன. மருந்து நேராகப் புற்றைக் கொல்வதில்லை. கொல்வது நம் டி செல்தான். இப்படிப்பட்ட பிரேக்குகளை விடுவித்துப் புற்றுக்குச் சிகிச்சை தரலாம் என்று கண்டறிந்ததற்காக ஜப்பானின் தசுக்கு ஹோன்ஜோவுக்கும் அமெரிக்காவின் ஜேம்ஸ் அலிசனுக்கும் 2018-இல் நோபல் பரிசு கிடைத்தது.

அமெரிக்க முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டரைப் பற்றிய வாட்ஸ்அப் செய்தியோடு சிலர் வருவார்கள். மூளை வரை பரவிய மெலனோமா என்ற தோல் புற்றுநோய் 2015-இல் அவருக்கு அடங்கியதும், 100 வயது வரை வாழ்ந்ததும் உண்மை. ஆனால் அவருக்குப் பெம்ப்ரோலிசுமாபோடு அறுவை சிகிச்சையும் கதிர்வீச்சும் சேர்த்தே நடந்தன. மெலனோமாவும் இந்த மருந்துக்கு நன்றாகக் கட்டுப்படும் ரகம். எல்லோருக்கும் அப்படி அமையாது. யாருக்குப் பலிக்கும் என்று ஓரளவு கணிக்க பயாப்சி பிளாக்கில்தான், அதாவது கட்டியிலிருந்து எடுத்து மெழுகில் பதித்து வைத்த துணுக்கில்தான், சோதனை செய்கிறோம். அந்தச் சின்ன மெழுகுக் கட்டியைத் தயவுசெய்து தொலைத்துவிடாதீர்கள்.

சரி, பெரியவருக்கு வருவோம். மூன்று வாரத்துக்கு ஒன்றாக நான்கு ஊசி முடிந்திருந்தது. முடி கொட்டவில்லை, வாந்தி இல்லை. வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. அப்புறம் ஒரு நாள் வயிற்றுப்போக்கு தொடங்கியது, தினமும் ஆறேழு தடவை. கோயில் கொடைச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துப் பக்கத்து கிளினிக்குக்குப் போயிருக்கிறார்கள். ஆன்டிபயாடிக்கும், போக்கை நிறுத்த மாத்திரையும் கிடைத்தன. "கீமோ எதுவும் ஓடுதா?" என்று அங்கே கேட்டதற்கு "இல்லை" என்றிருக்கிறார்கள். அதுவும் பொய்யில்லை, இந்த ஊசி கீமோ இல்லையே.

ஐந்து நாள் கழித்து என்னிடம் வந்தபோது அவரால் நிற்க முடியவில்லை. சிறுநீரகம் திணறுவதைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தத்தில் ஏறியிருந்தது. பிரேக் விடுபட்ட டி செல்கள் அவருடைய பெருங்குடலையே தாக்கிக்கொண்டிருந்தன. அது தெரியாமல் இன்னும் தள்ளிப்போட்டால் குடலில் ஓட்டை விழும் அபாயம்கூட உண்டு. உடனே ஸ்டீராய்டு ஆரம்பித்தோம். "ஸ்டீராய்டு எதிர்ப்பு சக்தியைக் குறைக்குமே டாக்டர்?" என்றார் மகன். ஆமாம், அதற்காகத்தான் கொடுக்கிறோம். ஆறு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தினோம்.

குடல் மட்டுமல்ல, நுரையீரல், கல்லீரல், தைராய்டு, தோல், அபூர்வமாக இதயமும் இப்படி அடிபடலாம். கடைசி ஊசி போட்டுப் பல மாதங்கள் கழித்தும் வரலாம். வழக்கத்தைவிட நாலு தடவை கூடுதலாக வயிற்றால் போனாலோ, புதிதாக வறட்டு இருமலோ மூச்சு வாங்கலோ வந்தாலோ, கண் மஞ்சளித்தாலோ, காரணமே இல்லாமல் அடித்துப்போட்டதுபோல் சோர்வு இருந்தாலோ அன்றைக்கே புற்றுநோய் மருத்துவரைக் கூப்பிடுங்கள். அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்க வேண்டாம்.

செலவு பற்றியும் ஒரு வார்த்தை. மும்பை டாடா மெமோரியலில், முற்றிய தலை, கழுத்துப் புற்றுநோயாளிகளுக்கு வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக, வெறும் 20 மில்லிகிராம் நிவோலுமாப்பைப் புற்றுநோய்க்கான மாத்திரைகளோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் ஓராண்டு கழித்து உயிரோடு இருந்தவர்கள் 16 சதவீதம், ஊசியும் சேர்ந்தபோது 43 சதவீதம். 2022-இல் வெளியான ஆய்வு. எல்லாப் புற்றுக்கும் இது பொருந்தாது, ஆனாலும் உங்கள் மருத்துவரிடம் கேட்டுப் பார்ப்பதில் தப்பில்லை.

அந்த மகன் இப்போது அப்பாவின் ஃபைல் அட்டையில் சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறார்: "கீமோ இல்லை. இம்யூனோ ஊசி. பேதி என்றால் முதலில் இந்த நம்பருக்கு."