படிப்பில் மந்தம் என்று அழைத்து வரப்படும் பிள்ளைகள்

"இவனுக்குப் படிப்பே ஏற மாட்டேங்குது டாக்டர். தலைக்கு ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துடலாமா?"

குழந்தை மருத்துவராக நான் அடிக்கடி கேட்கும் கேள்வி. அன்று வந்தவனுக்கு வயது 12. கண் பார்வை சரி, காது சரி. நாடி பார்க்கக் கையைப் பிடித்தபோதுதான் உறைத்தது. உள்ளங்கை முழுக்கக் காய்ப்பு. நகக்கண்ணில் கழுவியும் போகாத கிரீஸ். காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருப்பாய் என்று கேட்டேன். அப்பா வாயைத் திறப்பதற்குள் "நாலரை" என்றான். பள்ளிக்கு முன் இரண்டு மணி நேரம், பள்ளி விட்டதும் ராத்திரி ஒன்பது வரை பட்டறை.

இந்த வயதுக்கு ஒன்பது மணி நேரத் தூக்கமாவது வேண்டும். இவனுக்கு ஆறு மணி நேரம் கிடைத்தால் அதிகம். பகலில் படித்தது மனதில் தங்குவதே தூக்கத்தில்தான். வருகைப் பதிவேட்டில் இவன் பெயர் தவறாமல் இருக்கும். அதனாலேயே இப்படிப்பட்ட பிள்ளைகள் யார் கண்ணிலும் படுவதில்லை.

ஸ்கேன் வேண்டாம் என்றேன். ரத்தத்தில் ஈயம் எவ்வளவு என்று பார்க்கச் சொன்னேன், ஏனென்றால் பட்டறையில் பழைய பேட்டரிகளை உடைப்பதும் அவன் வேலைதான். வயிற்றுக்குள் போகும் ஈயத்தைப் பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு அதிகமாகக் குழந்தையின் உடல் உறிஞ்சிக்கொள்ளும். அது நேராக மூளை வளர்ச்சியில் கை வைக்கும், போன திறனை மருந்தால் மீட்க முடியாது. பாரம் தூக்குவதும் அப்படித்தான். எலும்பின் நுனியில், அது நீளமாக வளரும் இடமான வளர்தட்டு இன்னும் மென்மையான குருத்தெலும்பாகவே இருக்கும் வயது இது. பாரம் அதைக் காயப்படுத்தலாம்.

வீட்டில் கூடமாட உதவுவதை யாரும் குற்றம் சொல்லவில்லை. வேலைக்குச் சேர்வதற்கான குறைந்தபட்ச வயது பற்றிய 1973-ஆம் ஆண்டின் சர்வதேச உடன்படிக்கையே, படிப்பைக் கெடுக்காத இலகுவான வேலையை 13 வயதிலிருந்து அனுமதிக்கிறது. ஆனால் 2024 கணக்குப்படி உலகில் 13.8 கோடிக் குழந்தைத் தொழிலாளர்கள், அதில் 5.4 கோடிப் பேர் ஆபத்தான வேலைகளில். தொழிற்சாலையை நினைத்துக்கொள்கிறோம், ஐந்தில் மூன்று பேர் இருப்பதோ விவசாயத்தில்.

அப்பாவைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. கடனைப் பற்றிச் சொன்னார். பேட்டரி பக்கமே போகக் கூடாது, ராத்திரி வேலையும் கூடாது என்று முதலில் பேசி முடித்தோம். மீதியை அடுத்த முறை பேச வேண்டும்.

அப்புறம் என் நோயாளிக் குறிப்பில் ஒரு வரி சேர்த்துவிட்டேன். எழுந்தது எப்போது, படுத்தது எப்போது. அதைப் பிள்ளையிடமே கேட்கிறேன்.