நீலப் பெட்டிக்கு நடுவே சிவப்புப் பெட்டி ஏன் வராது?

நெல்லை எக்ஸ்பிரஸ் நீல நிறத்தில் ஓடிய காலத்தில் ஒரு பெட்டி பழுதானால், யார்டில் நிற்கும் இன்னொரு நீலப் பெட்டியை இழுத்து வந்து மாட்டினால் போதும். இப்போது ரயில் முழுக்கச் சிவப்பு. அதில் ஒன்று பழுதானால் நீலத்தை மாட்ட முடியாது, இன்னொரு சிவப்புதான் வேண்டும். வருஷத்துக்கு நாலு பெட்டியாகப் பழசைக் கழித்துப் புதுசைச் சேர்க்கலாமே என்று தோன்றும். அப்படிச் செய்ய முடியாததற்குக் காரணங்கள் பெட்டிக்கு அடியிலும் இரண்டு பெட்டிகளுக்கு நடுவிலும் இருக்கின்றன.

நீலம் என்பது ஐ.சி.எஃப். வகை. பெரம்பூரில் 1955-இல் தொடங்கிய இன்டெக்ரல் கோச் ஃபேக்டரி (ஐ.சி.எஃப்.) என்ற தொழிற்சாலையின் பெயரே பெட்டிக்கும் ஒட்டிக்கொண்டது, வடிவமைப்பு ஸ்விட்சர்லாந்துக்காரர்களுடையது. 2018 ஜனவரியோடு அந்த வகையைச் செய்வது நின்றுவிட்டது. சிவப்பு எல்.எச்.பி., ஜெர்மனியின் லிங்கே ஹோஃப்மான் புஷ் நிறுவன வடிவமைப்பு. இன்று பெரம்பூரிலும் இதைத்தான் செய்கிறார்கள். நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம், பழைய பெட்டிகளுக்கும் வேறு வேறு சாயம் அடித்ததுண்டு. பெட்டியின் முனையைப் பாருங்கள். இரு பக்கமும் வட்டத் தட்டுப் போலப் பஃபர் இருந்து, நடுவில் கொக்கியும் திருகும் தொங்கினால் அது ஐ.சி.எஃப். கை கோத்தது போல ஒற்றை இரும்புப் பிடி நடுவில் இருந்தால் எல்.எச்.பி.

முதல் சிக்கலே இந்த இணைப்புதான். பழையதில் ஒரு ஆள் இரண்டு பெட்டிகளுக்கு நடுவே குனிந்து போய், கொக்கியை மாட்டித் திருகை இறுக்க வேண்டும். இழுவிசையைத் திருகு தாங்கும், தள்ளுவிசையைப் பஃபர் தாங்கும். விபத்தில் ஒரு பக்கத்துப் பஃபர் நழுவினால் பின்பெட்டி முன்பெட்டியின் மேல் ஏறி உள்ளே புகுந்துவிடும். பழைய விபத்துப் படங்களில் ஒன்றுக்குள் ஒன்று செருகிய பெட்டிகள் தெரிவது இதனால்தான். புதிய நடுப்பிடி இழுப்பு, தள்ளல் இரண்டையும் தானே தாங்கும். மேலும் கீழும் நழுவாதபடி கவ்விக்கொள்வதால் பெட்டி தடம் புரண்டாலும் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொள்ளும் வாய்ப்பு மிகக் குறைவு. ஆனால் பஃபர் உள்ளதும் இல்லாததும் நேராகக் கோத்துக்கொள்ளாது. எஞ்சினுக்கு மட்டும் இரண்டு வகை ஏற்பாடும் உண்டு.

நடுப்பிடிக்கும் ஒரு குறை இருந்தது. ஆரம்பகாலச் சிவப்பு ரயில்களில் கிளம்பும்போதும் நிற்கும்போதும் ஒரு குலுக்கு வரும், அப்பர் பெர்த்தில் தூங்குகிறவர் விழித்துவிடுவார். பிடிக்குப் பின்னால் அதிர்வைத் தாங்கும் அமைப்பில் இருந்த தளர்ச்சி ஒவ்வொரு பெட்டியாகக் கூடிக்கொண்டே போனதுதான் காரணம். இருபுறமும் சமமாக அழுத்தம் தரும் புதிய அமைப்பை வைத்த பிறகு குலுக்கு பெரிதும் குறைந்தது.

அடுத்தது பிரேக். பழையதில் சக்கரத்தின் மேலேயே கட்டை அழுந்தும். கட்டை சரியாக விடாமல் உரசிக்கொண்டே வந்தால் புகையும் கருகல் வாடையும் வரும். புதியதில் ஒவ்வொரு அச்சிலும் இரண்டு வட்டத் தட்டுகள் இருக்கும், மோட்டார் பைக் டிஸ்க் போல அவற்றைப் பட்டை கவ்வும். கூடவே அச்சு ஒவ்வொன்றிலும் 80 பல் கொண்ட ஒரு சக்கரம் சுழலும். அதற்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் தள்ளி இருக்கும் சென்சார் அதன் வேகத்தை எண்ணும். ஒரு அச்சு மற்றவற்றைவிடச் சட்டென மெதுவானால், சக்கரம் வழுக்குகிறது என்று புரிந்துகொண்டு அதன் பிரேக் சிலிண்டர் காற்றை ஒரு வால்வு கொஞ்சம் வெளியேற்றிவிடும். இது வேலை செய்யாவிட்டால் சக்கரம் சுழலாமல் தண்டவாளத்தில் உரசிக்கொண்டே போய் ஒரு பக்கம் தட்டையாகும். பிறகு ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு "டொக்". வண்டி ஊர் வந்து சேரும்போது ஊழியர்கள் தண்டவாள ஓரம் நின்று காது கொடுத்துக் கேட்பதில் இந்தச் சத்தமும் ஒன்று. பிரேக் விட்டிருக்கிறதா என்று பார்க்கப் புதிய பெட்டியின் பக்கவாட்டில் சின்னக் கண்ணாடி உண்டு: விட்டிருந்தால் பச்சை, பிடித்திருந்தால் சிவப்பு.

நம்மூரில் பெட்டியையே போகி என்கிறோம். ரயில்வேக்காரருக்குப் போகி என்றால் பெட்டிக்கு அடியில் நான்கு சக்கரத்தோடு இருக்கும் சட்டம். பழைய போகியில் சுருள்வில்லோடு எண்ணெய் நிரப்பிய குப்பிகள் அதிர்வைத் தணிக்கும், போகிக்கு எட்டு. எண்ணெய் கசிந்தால் பயணம் கட்டை வண்டி ஆகிவிடும். புதியதில் மேலும் கீழும் குதிப்பதற்கும் பக்கவாட்டு ஆட்டத்துக்கும் தனித்தனி ஹைட்ராலிக் டாம்பர்கள் (அதிர்வு தணிப்பான்கள்) உள்ளன. அதனால்தான் ஐ.சி.எஃப். வழக்கமாக 110 கிலோமீட்டர் வேகத்தோடு நிற்க, எல்.எச்.பி. 160-க்கு அனுமதி பெற்றது. தடம் அதற்கு இடம் கொடுக்க வேண்டும் என்பது வேறு கதை.

மின்சாரமும் ஒத்துப்போகாது. நீலப் பெட்டி தன் அச்சில் பெல்ட் கட்டி ஆல்டர்னேட்டரைச் சுழற்றி 110 வோல்ட் பேட்டரியை நிரப்பிக்கொள்ளும். பெல்ட் அறுந்தால் கொஞ்ச நேரத்தில் மின்விசிறி சோர்ந்துவிடும். சிவப்பு ரயிலில் 750 வோல்ட் மின்சாரம் ஒரு முனையிலிருந்து எல்லாப் பெட்டிக்கும் போகிறது. முன்பு அதற்கு டீசல் ஜெனரேட்டர் பெட்டி இரைந்துகொண்டே வரும். இப்போது பல எஞ்சின்கள் மேல்கம்பியிலிருந்தே எடுத்துக் கொடுக்கின்றன.

கணக்குப் பார்க்க வேண்டியது நீளத்தில். ஐ.சி.எஃப். பெட்டி பஃபரோடு 22.3 மீட்டர், எல்.எச்.பி. 24 மீட்டர். பழைய 24 பெட்டி ரயில் சுமார் 535 மீட்டர். அதே எண்ணிக்கையில் புதியதைச் சேர்த்தால் 576 மீட்டர் ஆகி பிளாட்பாரத்தையும், ரயில் ஒதுங்கி வழிவிடும் லூப் லைனையும், பெட்டியின் அடிப்பகுதியைச் சோதிக்கும் பிட் லைனையும் தாண்டிவிடும். 22 பெட்டி என்றால் 528 மீட்டரில் அடங்கும். இரண்டு பெட்டி குறைந்துவிட்டதே என்று கவலை வேண்டாம்: ஸ்லீப்பரில் பெர்த் 72-லிருந்து 80 ஆகிறது. 12 பழைய ஸ்லீப்பரில் 864 பேர், 11 புதியதில் 880 பேர்.

உப்பையும் விட்டுவிடக் கூடாது. காயல்பட்டினம், ஆறுமுகநேரி உப்பளக் காற்றைத் தாண்டித் திருச்செந்தூர் போய்வரும் பெட்டிகளின் பழைய எஃகு, கழிப்பறைத் தரையிலும் பக்கச் சட்டத்தின் அடியிலும்தான் முதலில் அரிக்கும். தண்ணீர் தேங்கும் இடம் அது, வெளியே சாயம் பளபளவென்று இருந்தாலும் உள்ளே பொத்தலாகியிருக்கும். எல்.எச்.பி. உடல் துருப்பிடிக்காத எஃகு. ஐ.சி.எஃப். பெட்டிக்கு 25 வருஷம் ஆயுள் வைத்தார்கள், இதற்கு 35.

கழித்த நீலப் பெட்டி எல்லாமே பழைய இரும்புக்குப் போவதில்லை. சிலவற்றின் இருக்கைகளைப் பிடுங்கி, ஜன்னல்களை அடைத்து, முனைச் சுவரில் கதவு வைத்துவிடுகிறார்கள். அதன் பிறகு அதற்குள் ஆள் ஏறுவதில்லை, வரிசையாகப் புது கார்கள் ஏறுகின்றன.