டிஸ்க்: விலகலா, பிதுக்கமா?

கம்பத்திலிருந்து விடியுமுன் ஜீப் ஏறி, மலைக்கு மேலே கேரளத்து ஏலத்தோட்டத்துக்குப் போகிற அக்கா ஒருவர். ஸ்கேன் கவரை மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்: "டிஸ்க் விலகிருச்சாம் தம்பி, குனியக் கூடாதாம். ஏலம் தூர்லதான காய்க்குது, குனியாம எப்படி எடுக்க?" அப்புறம், சுளுக்கு எடுப்பவரிடம் காட்டி உள்ளே தள்ளிவிடலாமா என்று யோசனை. விலகல் என்று சொன்னால் அப்படித்தானே தோன்றும்?

டிஸ்க், கிரேக்கத்தின் டிஸ்கோஸ். போட்டிகளில் வீசி எறிகிற வட்டம். தமிழிலும் விளையாட்டிலிருந்தே சொல் கிடைக்கிறது: வட்டு. 'அரங்கின்றி வட்டாடி யற்றே' என்கிறது 401-ஆம் குறள். முள்ளெலும்புகளுக்கு இடையில் இருப்பதால் இடைவட்டு. இடை என்றால் இடுப்பும்தான். இந்தத் தொல்லை மிகுதியாக வருவதும் அங்கேதான். மலைக்கு அந்தப் பக்கம், மலையாளத்தில் இடுப்புவலியைச் சொல்லும் 'நடுவேதன' என்பதில் உள்ள நடுவுக்கும் இதே இரட்டைப் பொருள். டிஸ்க்கை 'ஜவ்வு' என்று நம் ஊரில் சொல்வதுண்டு; அது மெல்லிய படலத்துக்குத்தான் பொருந்தும்.

சரி, வட்டு விலகுமா? விலகாது. மேலும் கீழும் எலும்போடு ஒட்டியிருக்கிறது. வெளியே அடுக்கடுக்காக நார் வளையம், உள்ளே இளநுங்கு மாதிரி கூழ். நார் நைந்தால் கூழ் பிதுங்கி நரம்பை அழுத்தும், வலி காலுக்கு இறங்கும். மலையாளத்தில் 'டிஸ்க் தள்ளல்' என்கிறார்கள். கர்ப்பப்பை கீழிறங்குவதை நாம் 'அடி தள்ளுதல்' என்பது போல. விலகலைவிட அது எவ்வளவோ மேல். தமிழில் இடைவட்டுப் பிதுக்கம் என்பதே சரி.

இந்தப் பிதுக்கத்தை ஒரு காலத்தில் கட்டி என்றே நினைத்தார்கள். 1934-இல் மிக்ஸ்டர், பார் என்ற அமெரிக்க மருத்துவர்கள் வட்டுதான் காரணம் என்று காட்டினார்கள். 1994-இல் வந்த ஓர் ஆய்வு இன்னும் சுவையானது: முதுகுவலியே இல்லாத 98 பேரை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தால், பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ஏதோ ஒரு வட்டு புடைத்திருந்தது. பிதுங்கிய கூழை உடம்பே மெல்லக் கரைத்துவிடுவதும் உண்டு. கூழைச் சுருக்கும் கொண்டோலியேஸ் ஊசிக்கு 2018-இல் ஜப்பான் அனுமதி கொடுத்தது. கால் வலுவிழந்தாலோ சிறுநீர் அடங்காமல் போனாலோ மட்டும் காத்திருக்கக் கூடாது, உடனே ஆஸ்பத்திரிதான்.

அக்காவிடம், "விலகல, பிதுங்கியிருக்கு. பெரும்பாலும் தானா வத்திரும்" என்றேன்.

"வத்துற வரைக்கும் காய் யாரு எடுக்குறது?" என்றார்.