விடியற்காலையில் செத்த மீனுக்கு விஷம் தேடாதீர்கள்

மழை மூட்டம் நாலு நாள் தொடர்ந்தால் போதும், ஐந்தாம் நாள் காலை ஆறு மணிக்கு யாராவது என்னைக் கூப்பிடுவார்கள். "ஏம்மா, கொளத்துல மருந்து ஊத்திட்டானுங்கம்மா. எல்லாம் வெள்ளையா மெதக்குது." இந்தக் கார்த்திகையில் எனக்கு வந்த ஆறாவது அழைப்பு இது. முந்தைய ஐந்தையும் பொறுத்துக்கொண்டேன். இதைப் பொறுக்க முடியவில்லை. நான் போய்ச் சேர்வதற்குள் புகார் எழுதிக் கொடுத்து, பக்கத்து வயல்காரரைக் காவல் நிலையத்தில் உட்கார வைத்துவிட்டார்கள். அந்தப் பக்கத்து வயல்காரர் குளத்துக்காரருடைய சித்தப்பா மகன்.

நீடாமங்கலம் பக்கத்து ஊர், பெயர் வேண்டாம். மூன்று மா குளம், அதாவது ஒரு ஏக்கர். ஆடியில் வாய்க்கால் தண்ணீர் ஏறியதும் குஞ்சு விட்டிருக்கிறார்கள். தம்பி, அதாவது அந்தச் சித்தப்பா மகன், இரண்டு நாள் முன்னால் சம்பாப் பயிருக்கு இலைச்சுருட்டுப் புழு மருந்து அடித்திருக்கிறார். அண்ணன் தம்பிக்குள் வரப்புத் தகராறு ஏற்கெனவே உண்டு. வேறென்ன சாட்சி வேண்டும் என்று ஊரே முடிவு கட்டிவிட்டது.

நான் கரையில் இறங்கி நடந்தபோது பார்த்ததைச் சொல்கிறேன். மிதந்தவற்றில் பெரும்பாலும் கட்லாவும் வெள்ளிக் கெண்டையும். அவற்றிலும் பெரியவைதான் அதிகம். வாய் பிளந்து, செவுள் மூடி விரிந்து கிடந்தன. விரல் நீள ரோகுக் குஞ்சுகள் கரையோரம் உயிரோடு திரிந்தன. ஒரு குறவை என் நிழலைப் பார்த்து ஆழத்துக்குப் பாய்ந்தது. தவளை குதித்தது. தண்ணீரின் மேற்பரப்பில் ஓடும் பூச்சிகள் வழக்கம்போல ஓடிக்கொண்டிருந்தன. அல்லித் தண்டுகளில் நத்தைகள் தண்ணீருக்கு மேலே ஏறி ஒட்டிக்கொண்டிருந்தன.

பூச்சிமருந்து கலந்த குளத்தில் பூச்சி ஓடுமா? இதைத்தான் அன்றைக்கு அந்தக் கரையில் ஐம்பது பேர் முன்னால் கேட்டேன். புழுவையும் பூச்சியையும் கொல்லத் தயாரித்த மருந்து, குளத்தில் விழுந்தால் முதலில் சாய்ப்பது நீர்ப்பூச்சியையும் இறாலையும்தான். அடுத்தது சின்ன மீன், கடைசியில் பெரிய மீன். பட்ட மீன் நிலை தடுமாறிச் சுழலும், வெட்டி வெட்டி இழுக்கும். குளத்துக்குள் எந்த நேரம் மருந்து போய்ச் சேருகிறதோ அந்த நேரத்தில் சாகும், விடியற்காலை வரை காத்திருக்காது. தண்ணீரில் ஆக்ஸிஜன் தீர்ந்து மீன் மூச்சுத் திணறிய குளத்தில் எல்லாம் தலைகீழ். அதிக ஆக்ஸிஜன் தேவைப்படும் பெரிய மீன் முதலில் போகும். காற்றை நேரடியாக மேலே வந்து குடிக்கத் தெரிந்த விரால், குறவை, தேளி மூன்றும் தப்பிக்கும். மேற்பரப்புப் பூச்சிகளுக்கு ஒன்றும் ஆகாது. சாவு பின்னிரவில் தொடங்கி விடியலோடு நிற்கும்.

இதை நான் இருபது ஆண்டுகளாகச் சொல்கிறேன். டெல்டாவில் எனக்குக் காட்டப்பட்ட 'விஷம் வைத்த' குளங்களில் பத்துக்கு ஒன்பதில் விஷம் கிடையாது. மீதி ஒன்றில் உண்டு, மறுக்கவில்லை. மருந்தடித்த தெளிப்பானைக் குளத்திலேயே கழுவியவர்களைப் பார்த்திருக்கிறேன். வாய்க்காலில் தண்ணீர் வற்றும்போது மருந்தை ஊற்றி மீன் பிடிப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். அது 1897-ஆம் ஆண்டு இந்திய மீன்வளச் சட்டத்திலேயே குற்றம். ஆனால் அதற்காக மிதக்கிற மீனுக்கெல்லாம் ஒரு எதிரியைத் தேடுவது என்ன நியாயம்? மீன் போனால் அடுத்த ஆடியில் குஞ்சு விடலாம். பங்காளி உறவு ஒருமுறை காவல் நிலையப் படி ஏறினால் இரண்டு தலைமுறைக்கு ஒட்டாது.

"இத்தன நாளா சாவாத மீனு இப்ப எப்புடிம்மா சாவும்?" என்று அந்த அண்ணன் கேட்டார். எல்லோரும் கேட்பதுதான். அவர் வாயாலேயே கணக்குச் சொல்ல வைத்தேன். எத்தனை குஞ்சு விட்டீர்கள்? ஐயாயிரம். ஒரு குஞ்சு என்ன எடை? பத்து கிராம் இருக்கும். அப்படியானால் ஆடியில் உங்கள் குளத்தில் இருந்த மீனின் மொத்த எடை 50 கிலோ. இப்போது ஒரு மீன்? 400 கிராம் வரும் என்றார். ஐயாயிரத்தால் பெருக்கினால் 2,000 கிலோ. ஐந்தே மாதத்தில் மூச்சு விடும் உடம்பு நாற்பது மடங்காகிவிட்டது. குளம் மட்டும் அதே மூன்று மா.

ஒவ்வொரு குளத்துக்கும் ஒரு தாங்குதிறன் உண்டு. நெல் வயலில் குத்து நெருக்கமாக நட்டால் கதிர் சிறுக்கும் என்பது இந்த மண்ணில் எல்லோருக்கும் தெரியும். ஒரு மாவுக்கு எவ்வளவு நாற்று என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வார்கள். மீன் என்று வந்ததும் அந்த அறிவு எங்கே போகிறது என்று எனக்குப் புரியவில்லை. 'இரண்டு மடங்கு விட்டால் இரண்டு மடங்கு பிடிக்கலாம், பாதி செத்தாலும் லாபம்தான்' என்கிறார்கள். குஞ்சு விற்பவரும் அப்படித்தான் சொல்லி விற்கிறார். தண்ணீரை அடித்துக் காற்றைக் கலக்கும் காற்றூட்டி இல்லாத குளத்தில் ஏக்கருக்கு ஒன்று, மிஞ்சினால் ஒன்றரை டன் மீனுக்கு மேல் இருந்தால் நான் அந்தக் குளத்தை நம்புவதில்லை. அதைத் தாண்டியபின் வெயில் அடிக்கும்வரை காலம் ஓடும். நாலு நாள் மூட்டம் வந்தால் குளம் தன் கணக்கைத் தானே நேர் செய்துகொள்ளும்.

இங்கே இன்னொரு தவறான எண்ணத்தையும் பேசியாக வேண்டும். 'தண்ணி நல்லா பச்சையா இருக்கு, அதனால காத்து நெறய இருக்கும்' என்பது. அந்தப் பச்சை கண்ணுக்குத் தெரியாத பாசி நுண்ணுயிர்கள். வெயிலில் அவை ஆக்ஸிஜன் தருகின்றன, உண்மை. சூரியன் மறைந்த பிறகு? மரம், செடி போல அவையும் ஆக்ஸிஜனை இழுக்க மட்டுமே செய்யும். இரவில் புளியமரத்தடியில் படுக்காதே என்று நம் பெரியவர்கள் சொல்வார்களே, அந்த எச்சரிக்கை மரத்தடிக்குப் பெரிதாகப் பொருந்தாது. வெட்டவெளியில் காற்று வீசிக்கொண்டே இருக்கிறது. குளத்துக்கு அது அப்படியே பொருந்தும். இரவு முழுவதும் மீனும் மூச்சு விடுகிறது, சேறும் அழுகிக்கொண்டே ஆக்ஸிஜனைத் தின்கிறது, அந்தப் பச்சையும் மூச்சு விடுகிறது. மூன்று பேரும் சாப்பிடுவது பகலில் சேர்த்த ஒரே பானையிலிருந்து. காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்ஸிஜன். தண்ணீரிலோ நம் ஊர் வெப்பத்தில் லிட்டருக்கு ஏழெட்டு மில்லிகிராம் கரைந்தாலே நிறைந்துவிடும். ஐந்துக்கு மேல் இருந்தால் மீன் நன்றாக மேயும். மூன்றுக்குக் கீழே வந்தால் திண்டாடும். ஒன்றைத் தொட்டால் கட்லா மிதக்கும்.

மூட்டமான நாட்களில் பகலிலேயே பானை பாதிதான் நிறைகிறது. அதற்கு மேல் குளிர்ந்த மழை பெய்தால் மேல்தண்ணீர் கீழே இறங்கி, அடியில் கிடக்கும் கறுத்த சேற்றுத் தண்ணீர் புரண்டு மேலே வரும். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் அதுதான். கஜா புயலுக்குப் பிறகு, 2018 நவம்பரில், வேதாரண்யம் பக்கம் நான் பார்த்த குளங்களில் விழுந்த மரமும் தழையும் ஊறித் தண்ணீர் டிகாக்‌ஷன் போலக் கறுத்துக் கிடந்தது. அங்கேயும் சிலர் விஷம் என்றுதான் சொன்னார்கள்.

என் வேலையில் எனக்கு மிகவும் சங்கடமான நேரம் காலை பத்து மணி. நான் கருவியை இறக்கி அளக்கும்போது வெயில் வந்திருக்கும். பாதி மீன் செத்துப்போனதால் மூச்சு விடும் உடம்பும் குறைந்திருக்கும். ஆக்ஸிஜன் அளவு ஐந்து, ஆறு என்று காட்டும். 'பாத்தீங்களா, காத்து இருக்கு, அப்ப மருந்துதான்' என்பார்கள். நான்கு மணிக்கு நடந்த சாவுக்குப் பத்து மணித் தண்ணீர் சாட்சி சொல்லாது. நிஜமாகவே மருந்து என்று சந்தேகம் இருந்தால், துடித்துக்கொண்டிருக்கும் மீனையும் ஒரு பாட்டில் தண்ணீரையும் அந்த நிமிடமே எடுத்து, மீனை ஐஸில் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். உப்பி நாறிய மீனைச் சாயங்காலம் சாக்கில் கட்டிக் கொண்டுவந்தால் யாராலும் ஒன்றும் சொல்ல முடியாது.

கோயில் குளங்களைப் பற்றியும் கொஞ்சம். 'கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி' என்று திருவாரூர்க் கமலாலயத்தைச் சொல்வோம். அத்தனை பெரிய நீருக்கு ஓரளவு தாங்கும் வலு உண்டு. தெருக்கோடியில் இருக்கும் சின்னக் குளத்துக்கு அது இல்லை. அந்தக் காலத்தில் ஆற்றிலிருந்து வாய்க்கால் வழியே தண்ணீர் வந்து, வடிந்து, புதுசாகும். வரத்து வாய்க்கால் பல ஊர்களில் வீட்டுக்கு அடியில் போய்விட்டது. தேங்கிய தண்ணீரில் பொரியும் ரொட்டியும் கூடை கூடையாக விழுகிறது. மீன் தின்றது போக மீதி புளித்து அழுகுகிறது. வேண்டிக்கொண்டு போடுகிறீர்கள், அந்த மனதை நான் குறை சொல்லமாட்டேன். ஒரு கைப்பிடியோடு நிறுத்துங்கள், கெஞ்சிக் கேட்கிறேன். மழை மூட்டமான நாளில் அதுவும் வேண்டாம்.

சரி, என்ன செய்வது? ஏக்கருக்கு மூவாயிரம் குஞ்சு, மாவுக்கு ஆயிரம். காற்றூட்டி இல்லையென்றால் இதற்கு மேல் விடாதீர்கள். மேலே மேயும் கட்லா, நடுவில் ரோகு, அடியில் மிர்கால் என்று கலந்து விடுங்கள். ஒரே இனத்தைக் கொட்டினால் ஒரே தட்டில் அத்தனையும் முட்டி மோதும்.

வாரம் ஒருமுறை கையைத் தண்ணீருக்குள் நேராக இறக்கிப் பாருங்கள். முழங்கை நனையும்போது உள்ளங்கை மங்கி மறைந்தால் பச்சை சரியான அளவு. மணிக்கட்டு முங்குவதற்குள் கை மறைந்தால் ஆபத்து. அன்றே சாணமும் கோழி எருவும் நிறுத்தவேண்டும், தண்ணீர் மாற்றவேண்டும். எருவைப் பச்சையாகக் கொட்டுகிறவர்களுக்கு எத்தனை முறை சொல்வது? மக்கிய பிறகு போடுங்கள்.

மூட்டம் போட்டால் தீவனத்தை நிறுத்துங்கள். இரண்டு நாள் பட்டினியில் மீன் சாகாது. அந்த நாட்களில் இழுவலையும் போடாதீர்கள். வலை கிளப்பும் சேறு மிச்சமுள்ள காற்றையும் தின்றுவிடும். காற்றூட்டி வைத்திருப்பவர்கள் மின்சாரம் இருக்கிறதென்று மதியம் ஓட்டுகிறீர்கள். பச்சை ஏறிய குளத்தில் மதியம் ஆக்ஸிஜன் நிறைந்து வழியும் நேரம். அப்போது அடித்தால் இருப்பதைத்தான் வெளியே விரட்டுவீர்கள். ஓட்டவேண்டியது நள்ளிரவிலிருந்து விடியும்வரை. இரவு மும்முனை மின்சாரம் வராத ஊரில் டீசல் இன்ஜினைக் கரையில் தயாராக வையுங்கள்.

பின்னிரவில் ஒருவர் டார்ச்சோடு கரைக்குப் போங்கள். மீன் கூட்டமாக மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறதா? "மேல வந்து வெளயாடுது" என்று போனவாரம் ஒருவர் சந்தோஷமாகச் சொன்னார். அது விளையாட்டு இல்லை ஐயா, மூச்சு முட்டுகிறது. உடனே இன்ஜினைப் போட்டு, குளத்துத் தண்ணீரையே எடுத்துப் பலகையிலோ தகரத்திலோ மோதிச் சிதறும்படி திரும்பக் குளத்துக்குள் விடுங்கள். நல்ல வாய்க்கால் தண்ணீர் இருந்தால் திறங்கள். பதற்றத்தில் சுண்ணாம்பைக் கொட்டாதீர்கள். கழிவு நிறைந்த தண்ணீரில் காரம் ஏறினால் அம்மோனியா நஞ்சாக மாறும், தப்பித்த மீனும் போகும்.

ஒவ்வொரு சாவுக்குப் பிறகும் யாராவது என் காதில் சொல்வார்கள்: "அப்ப சாவாத மீனா, ஆப்பிரிக்கக் கெளுத்திய விட்டுடலாமா?" விடக்கூடாது. அதை வளர்க்க நாட்டில் தடை இருக்கிறது. சாக்கடையிலும் காற்றைக் குடித்து உயிர் வாழும், எதிர்ப்பட்டதையெல்லாம் தின்னும். ஒரு ஐப்பசி வெள்ளத்தில் கரை உடைந்தால் உங்கள் குளத்தில் இருந்தது வெண்ணாற்றிலும் அரசலாற்றிலும் இருக்கும். அதற்கப்புறம் நம் விராலும் கெளுத்தியும் உளுவையும் போட்டி போட முடியாது. குளத்தை உங்கள் கஷ்டத்தோடு மூடிக்கொள்ளலாம், ஆற்றை மூட முடியாது.

செத்த மீனை விற்காதீர்கள், வாய்க்காலில் தள்ளாதீர்கள். மேட்டில் குழி வெட்டிச் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள்.

அந்த ஊருக்கு மறுபடி போகிறேன். காவல் நிலையத்தில் நான் எழுதிக் கொடுத்ததும் தம்பியை அனுப்பிவிட்டார்கள், ஆனால் இருவரும் இன்னும் பேசிக்கொள்ளவில்லை. வெயில் நின்று அடிக்கிற ஒரு நாளில், மிச்சமிருக்கும் மீனில் பாதியைப் பிடித்து விற்கச் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு வலையின் மறுமுனையைப் பிடிக்கத் தம்பியைக் கூப்பிடுங்கள் என்றேன். அண்ணன் பதில் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.